மிஜாஜும் மஷூராவும்: மனப்பாங்கு அரசியல் கருத்தைத் தீர்மானிக்கிறதா?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. சந்தையில் சிறிது நேரம் நின்று கவனிப்பவருக்கு மனித இயல்புகளின் வேறுபாடு கண்ணெதிரே புலப்படும். ஒருவர் வருகிறார்; ஒரு கிடாயைப் பார்க்கிறார்; விலை பேசி முடித்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். மற்றொருவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, நான்கு பேரிடம் விலை விசாரித்து, சந்தை கலையும் நேரம்வரை காத்திருக்கிறார். இருவரும் ஒரே ஊரினராக, ஒரே மஹல்லாவைச் சேர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம். இயல்பு மட்டுமே வேறு.

ஆடு வாங்குவதில் வெளிப்படும் இந்த வேகமும் நிதானமும் பொது வாழ்விலும் தொடர்கின்றனவா? தேர்தலில், ஜமாஅத் கூட்டத்தில், ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு பிரச்சினையில் ஒருவர் எடுக்கும் நிலைப்பாடு அவருடைய பிறவி இயல்பிலிருந்துதான் பிறக்கிறதா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம்மிடையே கருத்து வேறுபாடு தோன்றும்போதெல்லாம், ‘அவர் சுபாவமே அப்படி’ என்னும் ஒரு வாக்கியத்தால் எதிர்த்தரப்பின் வாதம் முழுவதையும் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு தள்ளுவதற்கு அறிவியலிலோ நமது மரபிலோ ஆதாரம் உண்டா என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மிஜாஜ் என்னும் சொல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் உருது பேசும் குடும்பத்தினர் சந்திக்கும்போது ஒருவரையொருவர் நலம் விசாரிக்க ‘மிஜாஜ்’ எப்படியிருக்கிறது என்றே கேட்பர். கலத்தல் எனப் பொருள்படும் அரபு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். உடலில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்கள் கலந்திருக்கும் விகிதமே ஒருவருடைய உடல்நிலையையும் மனநிலையையும் அமைக்கிறது என்பது கிரேக்க மருத்துவரின் கொள்கை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலன் (ஜாலீனூஸ்) இதனை விரித்துரைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலனின் நூல்களை சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்த்தார். இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ நூலில் சமநிலையான மிஜாஜ் ஒன்று, சமநிலை பிறழ்ந்தவை எட்டு என ஒன்பது வகைகளை வகுத்தார். யூனானி மருத்துவர் இன்றும் நோயைக் கணிக்குமுன் நோயாளியின் மிஜாஜைக் கணிக்கிறார்.

மனத்தின் ஆற்றல்கள் உடலின் கலவையைப் பின்பற்றுகின்றன என்று காலன் எழுதினார். இதை எல்லைவரை கொண்டுசென்றால், மனிதனின் ஒழுக்கம், கருத்து, அரசியல் அனைத்துமே உடலின் விளைவுகளாகிவிடும். மருத்துவத்தில் காலனை ஏற்ற முஸ்லிம் அறிஞர்கள் பலர் அந்த எல்லைவரை செல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில், குணங்கள் மாற்றவியலாதவை என்று கூறுவோரை நேரடியாக மறுக்கிறார். காட்டு விலங்கையே பழக்க முடியுமென்றால் மனிதனைப் பழக்க முடியாதா என வினவுகிறார். பேரீச்சங்கொட்டை மரமன்று, ஆயினும் பேணி வளர்த்தால் பேரீச்ச மரமாகும், ஆப்பிள் மரம் ஒருபோதும் ஆகாது. இயல்புக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வளர்ச்சிக்கு இடமும் உண்டு என்பதே அவர் தரும் விளக்கம். கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. நெறிப்படுத்தினால் போதும் என்பதும் அவர் கருத்து.

இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் தட்பவெப்பமும் உணவும் மக்களின் இயல்பைப் பாதிக்கின்றன என ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் நாடோடிகள் நகரவாசிகளைவிடத் துணிவுடையோராக இருப்பது ஏன் என்று ஆராயுமிடத்தில், மனிதனை உருவாக்குவது பிறவிக் கலவையைவிட அவன் பழகிய வாழ்க்கைமுறையே என்னும் முடிவுக்கு வருகிறார். மதிலையும் காவலரையும் நம்பி வாழ்பவன் துணிவை இழக்கிறான். தன்னையே நம்பி வாழ்பவன் துணிவைப் பெறுகிறான்.

ஹதீஸிலும் இதற்கோர் அழகிய சான்று உண்டு. அப்துல் கைஸ் கோத்திரத்தின் தூதுக்குழு மதீனா வந்தபோது, மற்றவர்கள் வாகனங்களை விட்டு இறங்கி நபி (ஸல்) அவர்களிடம் விரைந்தோடினர். அஷஜ் என்பவர் மட்டும் நிதானமாக நின்று, நல்லாடை அணிந்து, பின்னர் வந்தார். பொறுமையும் நிதானமும் அல்லாஹ் விரும்பும் இரு பண்புகள் என நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாராட்டினார்கள். இவை நானே பழகிக்கொண்டவையா, அல்லாஹ் என்னில் படைத்தவையா என அவர் கேட்க, படைக்கப்பட்டவையே என விடை கிடைத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஆக, பிறவி இயல்பு என்ற ஒன்று உண்டு என்பதை நமது மரபு மறுக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ‘ஷாகிலா’வின்படியே செயற்படுகின்றனர் என்று கூறும் திருக்குர்ஆன் வசனமும் (17:84) இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இச்சொல்லுக்கு இயல்பு, வழிமுறை, எண்ணம் எனப் பல பொருள்களை விரிவுரையாளர் தந்துள்ளனர்.

நவீன உளவியல் கூறுவது என்ன?

மேற்குலகில் இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் புதிய வடிவம் பெற்றது. தத்துவத்தின் வரலாறே பெருமளவில் மனப்பாங்குகளின் மோதல்தான் என்று வில்லியம் ஜேம்ஸ் 1907இல் எழுதினார். நாஜிக் கொடுமைக்குப் பின், மக்கள் சர்வாதிகாரத்துக்கு ஏன் தலைவணங்குகின்றனர் என்பதை அறிய அடோர்னோவும் அவருடைய கூட்டாளிகளும் 1950இல் ‘அதிகாரப்பற்று ஆளுமை’ என்னும் ஆய்வை வெளியிட்டனர். வலதுசாரியினரிடம் மட்டுமே இக்குணத்தைத் தேடியதாகவும் கேள்விகள் விடையை நோக்கித் தள்ளியதாகவும் அவ்வாய்வு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1954இல் ஐசெங்க், இடது–வலது என்ற ஒரே அளவுகோல் போதாது. கடினமனம்–மென்மனம் என மற்றொன்றும் வேண்டும் என்றார்.

இன்றைய உளவியலாளர் பெரும்பாலும் ஐந்து பண்புகளைக் கொண்டு ஆளுமையை அளக்கின்றனர்: புதியவற்றுக்கு மனம் திறத்தல், கடமையொழுங்கு, பிறரோடு கலந்து பழகும் ஊக்கம், இணக்கம், பதற்றம். புதியவற்றுக்கு மனம் திறந்தோர் மாற்றத்தை விரும்பும் கட்சிகளின் பக்கமும், கடமையொழுங்கு மிக்கோர் மரபைக் காக்கும் கட்சிகளின் பக்கமும் சற்றே சாய்கின்றனர் என்பது அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்ட முடிவு. ‘சற்றே’ என்னும் சொல்லை வாசகர் மறந்துவிடலாகாது. பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தென்படும் இந்தச் சாய்வு, தனி மனிதர் ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்று சொல்லும் அளவுக்கு வலுவுடையதன்று.

இத்துறையின் வரலாறே அடக்கத்தைக் கற்பிக்கிறது. 2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், திடீர் ஓசைக்கும் அச்சமூட்டும் படங்களுக்கும் உடல் அதிகமாக அதிர்வோர் இராணுவச் செலவையும் மரண தண்டனையையும் அதிகம் ஆதரிப்பதாகப் புகழ்பெற்ற அறிவியல் ஏடொன்றில் எழுதினர். ஆய்வுக்கு உட்பட்டோர் 46 பேர். உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட இம்முடிவை, அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இன்னும் பலரை வைத்துச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், அரசியல் கருத்துகளைக் குறிக்கும் எண்கள் தலைகீழாகப் பதிவாகியிருந்தமையால், ஒரு தரப்பினருக்குரியதாகச் சொல்லப்பட்ட குணம் உண்மையில் மறுதரப்பினருக்கே உரியது என 2016இல் திருத்தம் வெளியிட நேர்ந்தது. இடையிலிருந்த ஆண்டுகளில் யாரும் வியப்படையவில்லை. எதிர்த்தரப்பின் இயல்பில் குறை உண்டு என்று சொன்னால் நம்புவதற்கு மனம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது போலும்.

நமக்கு மிகவும் பயன்படுவது 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் தரவுகளை ஒப்பிட்ட அவ்வாய்வு, பாதுகாப்பை அதிகம் நாடும் மனப்பாங்கினர் பண்பாட்டு விடயங்களில் மரபை விரும்பினாலும், பொருளாதார விடயங்களில் அரசின் உதவியையும் சமத்துவத்தையும் நாடும் இடதுசாரிச் சாய்வையே பெரும்பாலும் காட்டுகின்றனர் எனக் கண்டது. அதாவது அச்சம் ஒன்றே; அது இட்டுச்செல்லும் திசை ஒன்றன்று. இதற்குப் புள்ளிவிவரம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நமது பாலாற்றங்கரையே போதிய சான்றாகும்.

பாலாற்றங்கரையில் இரு அச்சங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. பழைய நாளில் ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் தோல் பதனிடப்பட்டது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. குரோமியம் உள்ளிட்ட வேதிப்பொருள்களின் பயன்பாடு பெருகியது. கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது.

வேலூர் மக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது. ஆய்வுசெய்த, குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்னும் விவரங்கள் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழகத்தினுடையது என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

இப்பின்னணியில் இருவரை மனத்தில் உருவகித்துப் பார்ப்போம். ஒருவர் பாலாற்றுப் பாசனத்தை நம்பிய சிறு விவசாயி. மற்றவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி பெறும் தொழிலாளி. இருவரும் சந்தையில் கடைசிவரை காத்திருந்து ஆடு வாங்கும் நிதானக்காரர்கள். துணிந்து எதிலும் இறங்காதவர்கள். நாளை என்னாகுமோ என எண்ணி இரவில் உறக்கம் கலைபவர்கள். மிஜாஜைக் கணிக்கும் ஹகீம் இருவருக்கும் ஒரே விடையைத்தான் சொல்வார். ஆனால் ஆலையை மூட வேண்டும் என ஒருவர் மனுவில் ஒப்பமிடுகிறார். மூடக்கூடாது என மற்றவர் ஊர்வலத்தில் நடக்கிறார். கிணறு போய்விடும் என்பது முதலாமவரின் அச்சம். அடுப்பு அணைந்துவிடும் என்பது இரண்டாமவரின் அச்சம். ஒரே எச்சரிக்கையுணர்வு இரு வேறு இடங்களில் நின்று இரு வேறு அரசியலாகிறது.

துணிவுடையோருக்கும் இது பொருந்தும். புதிய சுத்திகரிப்பு முறையில் பெரும்பணத்தை முதலிடத் துணியும் ஆலை உரிமையாளரும், ஊரின் செல்வாக்குமிக்கோரை எதிர்த்து வழக்காடத் துணியும் எளியவரும் மனப்பாங்கால் உடன்பிறப்புகள். வழக்கில் அவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கக்கூடும். எனவே ஒருவர் எதைக் கண்டு அஞ்சுகிறார், எதற்காகத் துணிகிறார் என்பதை அவர் நிற்கும் இடம், தொழில், பெற்ற அறிவு, சார்ந்த கூட்டம் ஆகியன முடிவுசெய்கின்றன. எவ்வளவு அஞ்சுகிறார், எவ்வளவு விரைவாகத் துணிகிறார் என்பதில்தான் மனப்பாங்கு தலையிடுகிறது.

அத்தீர்ப்பின் மற்றொரு கூறும் நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. தீங்கு நேரும் என அறிவியல் ஐயமறச் சொல்லும்வரை காத்திருக்கலாகாது. தமது செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்பவருடையது. இதனால் எச்சரிக்கை என்பது சில கோழைகளின் குணம் என ஏளனம் செய்ய இடமில்லாமற் போயிற்று; அனைவரும் பின்பற்ற வேண்டிய நெறியாக அது உயர்ந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சி இன்னும் ஓயவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு உச்ச நீதிமன்றம் 30.1.2025 அன்று மீண்டும் ஆணையிட்டது.

பத்ரும் ரித்தாவும்

மனப்பாங்கும் பொதுக் கருத்தும் பிணைவதற்கு நமது வரலாற்றில் மிகத் தெளிவான சான்று பத்ருக் கைதிகள் பற்றிய ஆலோசனையே. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ருப் போருக்குப்பின், பிணைத்தொகை பெற்று அவர்களை விடுவிக்கலாம் என அபூபக்ர் (ரலி) கூறினார்கள், வாளுக்கு இரையாக்க வேண்டும் என உமர் (ரலி) கூறினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அபூபக்ரின் மென்மையை இப்ராஹீம், ஈஸா நபிமாரின் மென்மையோடும், உமரின் கடுமையை நூஹ், மூஸா நபிமாரின் கடுமையோடும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதாக முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் குறை கூறிய ஹதீஸ் அறிஞர்கள் உண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அது எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அன்று அபூபக்ரின் கருத்தே ஏற்கப்பட்டது. பின்னர் இறங்கிய வசனம் (8:67) அதனைக் கண்டித்தது. அந்த அறிவிப்பு இரு மிஜாஜ்களுக்கும் நபிமாரிடமே முன்மாதிரி காட்டுகிறது. ஒன்றை நோயாகவும் மற்றொன்றை நலமாகவும் அது பிரிக்கவில்லை.

இத்துடன் நிறுத்தினால் மனப்பாங்கே கருத்து என்று முடித்துவிடலாம். எட்டாண்டுகள் கழித்து நடந்தது அம்முடிவைத் தகர்க்கிறது. கி.பி. 632இல் நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப்பின் சில கோத்திரத்தார் ஸகாத் கொடுக்க மறுத்தனர். கலிமா மொழிந்தவரோடு எவ்வாறு போரிடுவது எனத் தயங்கி, விட்டுக்கொடுக்கச் சொன்னவர் உமர் (ரலி). தொழுகையையும் ஸகாத்தையும் பிரிப்பவரோடு போரிட்டே தீருவேன். நபிக்குக் கொடுத்துவந்த ஓர் ஆட்டுக்குட்டியைத் தர மறுத்தாலும் விடமாட்டேன் என உறுதியாக நின்றவர் மென்மைக்குப் பெயர்பெற்ற அபூபக்ர் (ரலி). அவர்களுடைய இயல்புகள் அவ்வாண்டில் மாறிவிடவில்லை. பொறுப்பு மாறியிருந்தது, பிரச்சினை மாறியிருந்தது. உமர் தமது நிலையை மாற்றிக்கொண்டதும் ‘கலீஃபாவின் சுபாவம் அப்படி’ என்று எண்ணியதால் அன்று. ஸகாத் செல்வத்தின்மீதான கடமை என்னும் வாதத்தைக் கேட்டு, அதில் உண்மை இருப்பதை உணர்ந்தே ஏற்றார்கள்.

உமரின் ஆட்சியிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் சிரியாவை நோக்கிச் சென்றபோது அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்தார்கள். முஹாஜிர்களிடமும், அன்சாரிகளிடமும், குறைஷி முதியோரிடமும் தனித்தனியாக ஆலோசனை கேட்டார்கள். முதலிரு குழுவினரிடையே கருத்து பிளவுபட்டது. முதியோர் ஒருமித்துத் திரும்புமாறு கூறினர். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூஉபைதா (ரலி) வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என விடையளித்துத் திரும்பினார்கள். துணிவின் உருவாகக் கருதப்பட்டவர் அன்று எடுத்தது முன்னெச்சரிக்கையின் முடிவு. தமது மிஜாஜைக் கேட்காமல் மூன்று குழுவினரைக் கேட்டமையால் அம்முடிவு சாத்தியமாயிற்று.

நாம் பெறும் தெளிவு

மனப்பாங்கு மனிதனை ஒரு பக்கம் சாய்க்கிறது. அவன் எங்கே போய்ச் சேர்வான் என்பதை அது முடிவுசெய்வதில்லை. பண்டைய யூனானிக் கொள்கையை ஆராய்ந்த நமது அறிஞர்களும், இன்றைய உளவியலின் நிதானமான பகுதியினரும் ஏறத்தாழ இவ்விடத்திலேயே சந்திக்கின்றனர்.

இதிலிருந்து ஜமாஅத் நிர்வாகத்துக்கும் பொது வாழ்வுக்கும் சில கடமைகள் பிறக்கின்றன. மனப்பாங்கு பற்றிய அறிவை முதலில் நம்மீதே செலுத்த வேண்டும். இக்கருத்தை நான் ஆதரிப்பது ஆதாரத்தாலா, அல்லது என் இயல்புக்கு அது இதமாக இருப்பதாலா என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். அதே கேள்வியைப் பிறர்மீது ஏவி அவர் வாதத்துக்கு விடை சொல்லாமல் தப்புவது நேர்மையாகாது. கிணறு கெட்டது என்று சொல்பவர் பதற்றக்காரராகவே இருக்கட்டும். கிணறு கெட்டதா இல்லையா என்பதற்கு நீரைச் சோதித்துத்தான் விடை காண வேண்டும்.

ஆலோசனை அவைகளை அமைக்கும் முறையும் சிந்திக்கத்தக்கது. விரைந்து முடிவெடுப்போர் மட்டும் கூடினால் ஊர் பள்ளத்தில் விழும். தயங்குவோர் மட்டும் கூடினால் எதுவும் நடவாது. இயல்பு வேறுபட்டோர் இருந்தால் மட்டும் போதாது. நிற்கும் இடம் வேறுபட்டோரும் இருத்தல் வேண்டும். தோல் தொழிலைப் பற்றிப் பேசும் அவையில் உரிமையாளரோடு தொழிலாளியும், ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயியும், குடிநீருக்குக் குடம் சுமக்கும் பெண்ணும் அமராதவரை, எத்துணை நல்ல மிஜாஜ் உடையோர் கூடினாலும் அந்த அவை ஒரே அச்சத்தை மட்டுமே அறிந்திருக்கும். மற்ற அச்சங்கள் நீதிமன்றத்தின் வாயிலாகத்தான் அதன் காதுக்கு எட்டும். பாலாற்றங்கரையில் முப்பதாண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்து வருவது அதுவே.

வல்லாஹு அஃலம்.